மைக் அக்காவின் குரல் பவுடர் விற்ற கதை

அந்தப் பேருந்து நிலையத்துக்கு வருகிற எல்லோருக்கும் மைக் அக்காவின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. டிக்கெட் கவுண்டருக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், அசைந்தால் முனகுகிற ஒரு நாற்காலி, வெயிலுக்கு மறைப்பாகப் பழைய கால அட்டவணையை ஒட்டிய ஜன்னல். அங்கே உட்கார்ந்துதான் அக்கா ஊரையே விரட்டிக்கொண்டிருந்தார்.

விரட்டினார் என்று சொல்வது மிகையில்லை. "நாற்பத்தேழாம் எண் பேருந்து ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்பது நிர்வாகம் எழுதிக் கொடுத்த வாசகம். அதைப் படித்து முடித்ததும் அக்கா மைக்கை அணைக்க மாட்டார். "பச்சைப் பை வெச்சிருக்கிற அம்மா, அது உங்க பஸ்தான், வேடிக்கை பார்த்தது போதும், ஏறுங்க" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுவார். "தூணுக்குப் பின்னாடி நின்னு சிகரெட் பிடிக்கிறவரே, தூண் ஒல்லி, நீங்க குண்டு, எல்லாம் தெரியுது" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவரால் ஒருவரும் பஸ்ஸைத் தவறவிட்டதுமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர் மைக் அக்கா. அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கணவரின் தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தாள். இந்த நாத்தனாரின் விரலுக்கு ஒரு குணம் உண்டு. போனில் எது மின்னினாலும் அழுத்திப் பார்க்காமல் அது ஓயாது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நாத்தனார் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, இதுல பேசினா உங்க குரல் எந்த மிருகத்தோட குரல்னு சொல்லுமாம். ஏஐயாம். எனக்குக் குயில்னு வந்துச்சு."

"உனக்கா? குயிலா?"

அந்த ஒரு கேள்வியில் அக்காவின் தன்மானம் கிளம்பிவிட்டது. ஊருக்கே குரல் கொடுக்கிறவருக்கு என்ன வரும் என்று பார்த்துவிட வேண்டியதுதான். முதலில் ஒரு நீண்ட பக்கம் வந்தது. எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான்.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"யாருக்கு அண்ணி தெரியும்? இதைப் படிச்சவங்க உலகத்துலயே யாரும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் அழுத்திவிட்டாள்.

பிறகு அந்தச் செயலி ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டியது. அக்கா மைக் பிடிக்கிற நிமிர்வோடு உட்கார்ந்து படித்தார். ‘இன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சி.’ ‘என்னங்க, கொஞ்சம் இங்கே வாங்க.’ ‘ஐயோ, இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே!’ சிரிக்கச் சொன்னது, சிரித்தார். கொஞ்சச் சொன்னது, அதற்கு மட்டும் அவருக்குப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் பெருமூச்சு விடச் சொன்னது. அக்கா விட்ட பெருமூச்சில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்து, "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?" என்றார்.

திரையில் சக்கரம் சுற்றி நின்றது. ‘வாழ்த்துகள்! நீங்கள் ஒட்டகச்சிவிங்கி!’

அக்கா நாத்தனார் பக்கம் திரும்பினார். "ஒட்டகச்சிவிங்கி கத்தி நீ கேட்டிருக்கியா?"

"இல்ல அண்ணி."

"நானும் கேட்டதில்ல. அது வாயைத் திறக்கிறதே கிடையாதுன்னு சொல்வாங்க. அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து வீட்டில் ஒரு மாற்றம் தெரிய ஆரம்பித்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும், கழற்றிய பூட்ஸை வழக்கம்போல வாசலில் வீசாமல் பால்கனியின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார். பிறகு நேராகக் குளியலறை. வெளியே வரும்போது ஆள் மல்லிகைத் தோட்டத்துக்குள் விழுந்து எழுந்தவர் போல மணந்தார். படுக்கும்போதுகூடச் சாக்ஸைக் கழற்றவில்லை. போனை எப்போதும் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அக்கா எல்லாவற்றையும் கவனித்துவந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷனுக்குத் திடீரென்று இந்த வாசனை எதற்கு?

ஒரு சாயங்காலம் அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டதும், அக்கா துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் கதவோரம் போய் நின்றார். உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. தேனில் ஊறப்போட்டு எடுத்தது போல ஒரு குரல்.

"என்னங்க, கொஞ்சம் இங்கே வாங்க. இப்ப எவ்வளவு வாசனையா இருக்கீங்க! நாளைக்கும் மறக்காமப் போட்டுக்குங்க, என்ன?"

உள்ளேயிருந்து கணவர் பணிவாக, "சரி, சரி" என்றார்.

அக்கா கதவைத் தட்டிய தட்டில் மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். கணவர் ஒரு கையில் பவுடர் டப்பாவும் ஒரு கையில் போனுமாகக் கதவைத் திறந்தார்.

"யாரு அவ?"

"எவ?"

"உள்ள உங்களைக் கொஞ்சினாளே, அவ!"

கணவர் திருதிருவென்று விழித்தார். "நீதான்."

"நான் இங்க வெளிய நிக்கிறேன்!"

"வெளிய நிக்கிறதும் நீதான், உள்ள பேசினதும் நீதான். ஏம்மா, செய்யறதையும் செஞ்சுட்டு என்னையே கேட்கிறியே?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. ஒரு நாள் ஒரு கட்டடத்தில் அவர் லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏறிய அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி கிலி செத்துக் கிடக்குதா பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். எலி எதுவும் இல்லை. இருந்தது அவருடைய கால். காலையிலிருந்து இரவு வரை கனத்த பூட்ஸுக்குள் வெந்த கால். அவமானம் தாங்காமல் அன்று யாருக்கும் தெரியாமல் போனில், ‘கால் நாற்றம் போக வழி’ என்று தேடியிருக்கிறார். மறுநாள் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தபோது போனில் ஒரு விளம்பரம் பேசியது. பேசியது மனைவியின் குரல்.

"என்னங்க... நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா உங்க கால் இருக்கே..."

அவர் மடியிலிருந்த ஸ்பேனர் நழுவி, பேச்சுக்குக் காரணமான அதே காலின் மேல் விழுந்திருக்கிறது.

"ஊரையே மைக்குல போட்டுத் திட்டறவ, என் மனசு நோகக் கூடாதுன்னு இதை மட்டும் தனியா போன்ல அனுப்பியிருக்காளேன்னு நெனச்சேன்" என்றார் கணவர். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "அதான் பவுடர் வாங்கினேன்."

அக்கா போனைப் பிடுங்கித் திரும்பத் திரும்பக் கேட்டார். "இது நான் இல்ல. நான் உங்ககிட்ட இவ்வளவு இனிமையா எப்பப் பேசியிருக்கேன்?"

கணவர் யோசித்தார். "அதான் எனக்கும் லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு."

பஞ்சாயத்துக்கு நாத்தனார் வரவழைக்கப்பட்டாள். அவள் ஒரு தடவைதான் கேட்டாள். "சந்தேகமே இல்ல அண்ணி, நீங்கதான். அந்த மூக்குல பேசறது அப்படியே இருக்கு."

"நான் மூக்குலயா பேசறேன்?"

"எல்லாருக்கும் தெரியுமே. அது இருக்கட்டும், எனக்கும் வருது. அதுல உங்க மேல நான் ரொம்பக் கோபமா இருந்தேன். என் மீசையைப் பத்தி நீங்க எப்படி அப்படிப் பேசலாம்?"

அக்கா மெதுவாகக் கேட்டார். "உனக்கு மீசை இருக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

‘என்னங்க, கொஞ்சம் இங்கே வாங்க’ என்பது அன்றைக்கு மிருகச் செயலியில் அக்கா படித்த அதே வரி என்று நாத்தனாருக்கு நினைவு வந்தது; விஷயம் அப்போதுதான் புரிந்தது. அந்த மிருகச் செயலிக்காரன் அக்காவின் குரலை ஒரு விளம்பரக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். கம்பெனி அதை ஏஐயிடம் கொடுத்து, கொஞ்சம் சர்க்கரை தூவி, ‘தோழி’ என்று பெயரும் வைத்துவிட்டது. யார் போனில் எதைத் தேடினாலும் தோழி அவர்களிடம் போய் அதைப் பற்றிப் பரிவோடு பேசினாள். தேடியது தேடினவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் வந்து பேசியது ஊருக்கே தெரிந்த குரல்.

இதனால் பேருந்து நிலையத்தில் நடந்ததை அக்கா பிற்பாடு, ஆள் யாரென்று காட்டிக்கொடுக்காமல், பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் தொடருவார், சிரிப்பு விடாது.

முதலில் நாற்பத்தேழாம் எண் டிரைவர் அவர் அறைப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார். வழக்கமாகக் கிளம்பும்போது கை ஆட்டுவார். ஒரு நாள் தயங்கித் தயங்கி இரும்புப் படி ஏறி வந்தார்.

"அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எது?"

"நான் தூக்கத்துல பல்லைக் கடிக்கறது. போன்ல நீங்க சொன்னீங்களே, தாடையை நெனச்சா உங்களுக்கே கவலையா இருக்குன்னு."

அவர் இறங்குவதற்குள் டிக்கெட் கொடுக்கிற அம்மாள் ஏறிவந்தாள். அவளுக்கு வாயுத் தொல்லை. "கவுண்டருக்கும் உங்க ரூமுக்கும் நடுவுல கான்கிரீட் இருக்கு. அதைத் தாண்டியுமா கேட்குது?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அக்காவுக்கு எதுவுமே தெரியாது. ஆனால், எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டே ஆளுக்கு ஆள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருவருக்குத் தொப்பையை உள்ளே இழுக்கிற பெல்ட். இன்னொருவர் இந்த வயதிலும் இருட்டுக்குப் பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். கழிப்பறையைச் சுத்தம் செய்கிற அம்மாள் மட்டும் ஏறிவந்து, "எனக்கு ஏன் எதுவும் சொல்லலை? நான் என்ன தக்காளித் தொக்கா?" என்று கோபித்துக்கொண்டாள். அவளிடம் பொத்தான் போன்தான் இருந்தது.

கடைசியாக வந்தவர் நிலையக் கண்காணிப்பாளர். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நான் விக் வைக்கறது என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

அக்காவின் கண் அவரை மீறிக் கண்காணிப்பாளரின் தலைக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாக அந்த முடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் அவர்.

"விக்கா சார் அது?"

கண்காணிப்பாளரின் முகம் வெளிறியது. "அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் சார் தெரியும்."

இனியும் பொறுப்பதில்லை என்று அக்கா முடிவெடுத்தார். அடுத்த அறிவிப்பிலேயே போட்டு உடைத்தார். "பயணிகளின் கவனத்திற்கு. போன்ல என் குரல்ல கால் பவுடர், பல்லு கவசம், இன்னும் என்னென்னவோ விக்கறது நான் இல்லை. உங்க யாரு கால் எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசையில்லை." யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்துப் போட்டார். ஒரே நாளில் அது ஊரெல்லாம் பரவியது. புதுமாதிரி விளம்பரமாக இருக்கிறதே என்று ஜனங்கள் பாராட்டினார்கள். பவுடர் கடையில் இல்லை என்று சொல்லுமளவுக்கு விற்றது.

நாத்தனாருக்குக் குற்ற உணர்ச்சி. அவளே விளம்பரக் கம்பெனியின் உதவி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்து, போனை அக்காவின் கையில் கொடுத்தாள். மறுமுனையில் மனுஷர் யாரும் இல்லை. இயந்திரம்தான் பேசியது.

"வணக்கம்! நான் தோழி. உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னிடமே புகார் சொல்ல வேண்டிய நிலைமை எந்த மனுஷிக்கும் வரக் கூடாது.

"நீ பேசறது என் குரல். அதைத் திருப்பிக் கொடு."

"உங்க கவலை எனக்கு நல்லாப் புரியுது."

"உனக்கு எப்படிடீ புரியும்? கவலையே உன்னாலதான்!"

"நீங்க கொஞ்சம் களைப்பா இருக்கற மாதிரி தெரியுது. எங்களோட மூட்டுவலித் தைலம் பத்திச் சொல்லட்டுமா?"

பக்கத்தில் கணவர், "அவ பொறுமையாத்தான் பேசறா, நீதான் கத்தற" என்று சொல்லி ஒரு முறைப்பை வாங்கிக்கட்டிக்கொண்டார்.

குரல் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க, கொடுக்கிற வாக்கியங்களைப் படித்துக் காட்டச் சொன்னது இயந்திரம். கொடுத்த குரலை வாங்க இன்னும் கொஞ்சம் குரல் கொடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். கோபத்தில் படித்ததால் ஒவ்வொரு வாக்கியமும் சண்டைக்கு இழுப்பது போல வந்தது. முடிவு உடனே வந்தது. ‘உங்கள் குரல் தோழியின் குரலோடு பாதியளவுதான் ஒத்துப்போகிறது. பிறருடைய குரலைப் போலப் பேசுவது எங்கள் விதிகளுக்கு எதிரானது. தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.’

அதாவது தோழி அசல். அக்கா நகல்.

அதோடு விட்டார்களா? சில நாளில் பேருந்து நிலையத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. தங்கள் கம்பெனியின் தோழி குரலைப் போன்ற ஒரு குரலை அனுமதியில்லாமல் ஒலிபெருக்கியில் பயன்படுத்திவருவதாகவும், உடனே நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கண்காணிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மேடம், இது முடியறவரைக்கும் நீங்க வேற குரல்ல பேசுங்களேன்."

"வேற குரலுக்கு நான் எங்க சார் போவேன்?"

"கொஞ்சம் கட்டையா, ஆம்பளை மாதிரி..."

அந்த வாரம் முழுக்க அக்கா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல அறிவித்தார். அக்காவுக்குத் தொண்டையில் ஏதோ பெரிய வியாதி என்று நிலையம் முழுக்கப் பேச்சானது. முகமே தெரியாத பயணிகள் படியேறி வந்து இருமல் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். குழந்தைகள் ஒலிபெருக்கியைப் பார்த்துப் பயந்து அழுதன. ஏழாம் நாள் அக்கா தன் குரலுக்கே திரும்பிவிட்டார். "ஜெயில்ல போட்டாலும் போடட்டும் சார். அங்கேயும் மைக் இருக்கும்" என்றார்.

இதற்கிடையில் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. மக்களின் சொந்தத் தகவல்களைப் பாதுகாக்கவென்றே ஓர் அரசு அலுவலகம் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே புகார் எழுதிப் போட்டாள். இதிலும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் அதற்கு முன்னால் பக்கம் முழுவதையும் படித்தாளாம்.

ஒரு நாள் காலை அந்த அலுவலகத்து அதிகாரி பேருந்து நிலையத்துக்கே வந்து சேர்ந்தார். பருமனான, நிதானமான மனிதர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுவிட்டுப் பேசினார். கம்பெனி வக்கீலும் மடிக்கணினியோடு வந்திருந்தார்.

அதிகாரி முதலில் வக்கீலைக் கேட்டார். "இந்தக் குரல் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

வக்கீல் கணினியைப் பார்த்துப் படித்தார். "ஒரு செயலிகிட்டேருந்து வாங்கினோம் சார். பெயர் எதுவும் இல்லை. ஒட்டகச்சிவிங்கி, பெண், நடுவயதுன்னு போட்டிருக்கு. நாங்க யாரோட அடையாளத்தையும் வெச்சுக்கறதில்ல. தனியுரிமைக்கு ரொம்ப மரியாதை கொடுக்கற கம்பெனி சார் எங்களோடது."

"அப்ப யாருக்குக் கால் நாறுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அவங்களேதான் சார் போன்ல தேடறாங்க. நாங்க பக்கத்துல நின்னு பார்க்கறோம், அவ்வளவுதான்."

அதிகாரியின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. அவர் அதை வெளியே எடுக்காமலே அணைத்தார். அவருக்கும் ஏதோ வந்துகொண்டிருந்தது என்பதில் மைக் அக்காவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

"சரி. ரெண்டு பேரையும் பேச விடுவோம்" என்றார் அதிகாரி. "நான் கீழே போய் ஜனங்களோட நின்னு கேட்கறேன். எது ஒரிஜினல்னு காதுக்குத் தெரியாமப் போகாது."

முதலில் மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். நாற்பத்தேழாம் எண் பேருந்து நிஜமாகவே கிளம்புகிற நேரம். தோழி பேசினாள்.

"அன்பான பயணிகளே, நாற்பத்தேழாம் எண் பேருந்து ஆறாம் நடைமேடையிலிருந்து இதோ புறப்படப் போகிறது. உங்கள் பயணம் பூப்போல அமையட்டும்."

ஒருவரும் அசையவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர் போனை எடுத்து, விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் குனிந்து தன் செருப்பை முகர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

பிறகு அக்கா மைக்கைப் பிடித்தார்.

"நாற்பத்தேழு, ஆறாம் நடைமேடை, கிளம்புது! சுவரோரமா காலை நீட்டி உட்கார்ந்திருக்கற கூட்டம், உங்களைத்தான். அப்புறம் போயிடுச்சேன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ம், எழுந்திருங்க! டிரைவர் ஏறியாச்சு! அந்தக் கோப்பு வெச்சிருக்கறவரே, நடுவுல நின்னா எப்படி? ஓடுங்க!"

மொத்தக் கூடமும் எழுந்தது. பைகள் பறந்தன. அந்தப் பேருந்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட நான்கு அடி ஓடிவிட்டுத்தான் நின்றார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் விக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மேடம்" என்றார். கீழே பருமனான ஓர் உருவம் கோப்பை மார்போடு அணைத்தபடி, அந்த உடம்புக்கு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் ஆறாம் நடைமேடையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி ஏறிவிட்டார். கதவு மூடியது. டிரைவர் மாடியைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்த அதிகாரி, வேர்த்துக்கொட்ட நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி முனகியது.

"எனக்கு அந்த பஸ்ல போக வேண்டிய வேலையே இல்ல" என்றார். மூச்சு வாங்கினார். "என் வீடு வேற பக்கம். ஆனா அவங்க ஓடுன்னு சொன்னப்ப... எங்கம்மா ஸ்கூலுக்கு விரட்டின மாதிரி... என் கால் என்னைக் கேட்கவே இல்ல."

வக்கீல் ஏதோ ஆட்சேபம் சொல்லப் பார்த்தார். அதிகாரி கையை உயர்த்தினார். "மனுஷனை எழுப்பி ஓட வைக்கறது எதுவோ அதுதான் சார் ஒரிஜினல். எழுதிக்கறேன்."

அவர் எழுதிய உத்தரவில் ஓடிய விஷயம் இல்லை. விளையாட்டுக்கு என்று சொல்லி வாங்கிய குரலை வியாபாரத்துக்கு விற்றது தவறு, அந்தக் குரலை எல்லா விளம்பரங்களிலிருந்தும் எடுக்க வேண்டும், இயந்திரத்தின் நினைவிலிருந்தும் அழிக்க வேண்டும் என்று இருந்தது. தோழி ஒரே நாளில் காணாமல் போனாள். மிருகச் செயலியும் மூடப்பட்டது. நிலையத்தில் மெல்லப் பழையபடி எல்லோரும் கை ஆட்ட ஆரம்பித்தார்கள். அக்காவின் வாயிலிருந்து யாருடைய ரகசியமும் வெளியே வரவில்லை. கண்காணிப்பாளர் முன்னால் வந்தால் மட்டும் அக்கா கழுத்துக்கு மேலே பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்.

வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். கணவர் சாப்பிடும்போது போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். முகம் வாடிப்போயிருக்கும்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அவ ஒரு தடவைகூட என்னைத் திட்டினதில்ல" என்றார்.

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டு எழுந்துபோனார். ஆனால் மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை, தன்னால் ஆன மட்டும் குரலை இளக்கி, "என்னங்க, கொஞ்சம் இங்கே வாங்க" என்று கூப்பிட்டார். கணவர் ஒரு காலில் பூட்ஸோடு ஓடி வந்து, "என்னம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த மாதிரி முயற்சியை அதோடு கைவிட்டார்.

பொடி எழுத்தில் ஒரு வரிகூட விடாமல் படிக்கிற பழக்கம் அதற்குப் பிறகுதான் அவரிடம் வந்தது. சமீபத்தில் எடை பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி வந்தார்கள். அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் போதாதாம், எடையைக் காட்ட அது போனில் ஒரு செயலியைக் கேட்டது. கணவர் ஆர்வமாக ஏறி நின்றார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து, அறிவிப்புக் குரலில், சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"பயனர் என்பது கருவியின் மேல் நிற்பவரைக் குறிக்கும்..."

"நான் இறங்கிக்கட்டுமா?"

"இறங்கினா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம். நில்லுங்க."

அவர் நின்றார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். வெளியே குப்பை வண்டி வந்து போனது. ஏறக்குறைய முடிவுக்கு வந்தபோது அக்கா நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க எடையை நம்பிக்கைக்குரிய பங்குதாரர்களுக்குச் சொல்வாங்களாம்."

"யாரு அந்தப் பங்குதாரருங்க?"

"எழுதலை."

லிஃப்ட் மெக்கானிக் சூடு பட்டவர் போலக் கருவியிலிருந்து குதித்து இறங்கினார். அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு அவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு கிலோ கூடியிருக்கீங்க" என்றார். "போங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."